அயுத்தயாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: ஆவணம், செலவு, நேரம், அப்புறம் கதைகள்

பாங்காக் போகிற நம்மவர்கள் பலர் கடைசி நாளில், 1767-ல் பர்மியப் படை அழித்த பழைய தாய் தலைநகரான அயுத்தயாவைச் செருகிவிடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு வேன், ஓர் இடத்துக்கு இருபது நிமிடம், நடுவில் ஒரு சாப்பாடு, மாலை நான்கு மணிக்குத் திரும்பு. வந்தவர்களைக் கேட்டால் "வெறும் செங்கல்தான் இருக்கு" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அங்கே நிற்கிற சுவர்கள் தாமாகப் பேசாது. எந்த இடத்தில் என்ன நடந்ததாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால்தான் அந்தச் செங்கல் பேசும்.

ரயில் எங்கே ஏறுவது, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எந்தப் படிவத்தை எங்கே நிரப்புவது என்று தேடினால் பத்து இடத்தில் பத்துவிதமாகக் கிடைக்கிறது. வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகும் யாரும் அப்படி அலையக்கூடாது என்பதற்காக, எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச் முதல் மே வரை வெயில் கொளுத்தும். மரநிழல் குறைவு, செங்கல் தரை சூட்டைத் திருப்பி அடிக்கும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் தண்ணீர்த் திருவிழா. அந்த நாட்களில் தெருவில் நடந்தாலே நனைந்துவிடுவீர்கள், ரயிலிலும் இடம் கிடைக்காது. செப்டம்பர், அக்டோபரில் வெள்ள அபாயம் உண்டு. சாவ் பிரயா, பா சாக், லோப்புரி என்று மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு இது. 2011 வெள்ளத்தில் பழைய நகரமே தண்ணீரில் நின்றது. மழைக்காலத்தில் போவதானால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஆற்று நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழமை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. கோயில் சிதைவுகள் எல்லா நாளும் திறந்திருக்கும். தங்கப் பொருட்கள் இருக்கும் சாவ் சாம் பிரயா தேசிய அருங்காட்சியகம் அப்படியில்லை. புதன் முதல் ஞாயிறுக்குள் போகும்படி திட்டமிட்டால் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்காது.

என் உறுதியான கருத்து: ஓர் இரவு தங்குங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பதினோரு மணி முதல் மூன்று மணி வரை, அதாவது மிக மோசமான வெயிலில்தான் எல்லாவற்றையும் பார்ப்பீர்கள். தங்கினால் முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும் உங்களுடையது. இனி வரும் படிகள் இந்தக் கணக்கில்தான்.

2. ஆவணங்கள்

பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். 2024 ஜூலையில் இந்திய பாஸ்போர்ட்டுக்கு 60 நாள்வரை விசா இல்லாத அனுமதியைத் தாய்லாந்து அறிவித்தது. இந்தச் சலுகையும் நாள் எண்ணிக்கையும் அரசு முடிவுக்கேற்ப மாறக்கூடியவை. அதனால் விமான டிக்கெட் போடும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முகவர் சொன்னார், நண்பர் சொன்னார் என்று போக வேண்டாம்.

2025 மே 1 முதல் டிடிஏசி எனப்படும் டிஜிட்டல் வருகைப் படிவம் கட்டாயம். தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் பணம் பிடுங்கும் போலித் தளங்கள். தாய்லாந்து அரசுத் தளங்களின் முகவரி "ஜிஓ டாட் டிஹெச்" என்றுதான் முடியும். வேறெப்படி முடிந்தாலும், எத்தனை அழகாக இருந்தாலும் மூடிவிடுங்கள். குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு வேண்டும். வந்த க்யூஆர் குறியீட்டைப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தாளிலும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குக் காட்ட ரொக்கம் மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். அதிகாரி கேட்கும்போது பெட்டியைக் கிளற வேண்டாம்.

ஸ்கூட்டர் எடுக்கும் எண்ணம் இருந்தால், ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கி வாருங்கள். அதில் இருசக்கர வாகனப் பிரிவும் இருக்க வேண்டும். கார் பிரிவு மட்டும் இருந்தால் விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

3. எவ்வளவு பணம்

அயுத்தயாவில் ரொக்கம்தான் ராஜா. கடைகளில் தொங்கும் க்யூஆர் அட்டைகள் தாய்லாந்து வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானவை. ஏடிஎம்மில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டு அட்டைக்கு 220 பாட் அல்லது அதற்கும் மேல் பிடிப்பார்கள். அதனால் பாங்காக்கிலேயே மொத்தமாக மாற்றிவிடுங்கள். ஒரு பாட்டை மூன்று ரூபாய் என்று பெருக்கிக்கொண்டால் கையைக் கடிக்காது.

நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்குத் தனி. வெகுகாலம் முக்கியத் தலங்களுக்குத் தலா 50 பாட், ஆறு தலங்களுக்குச் சேர்த்து 220 பாட் என்று இருந்தது. விலை ஏறினாலும் சமாளிக்க, ஒரு தலத்துக்கு 100 பாட் என்று ஒதுக்குங்கள். நான்கு தலங்களுக்கு மேல் போவதானால் கவுண்டரில் சேர்ந்த டிக்கெட்டைக் கேளுங்கள். அவர்களாகச் சொல்வது குறைவு. பிக்குகள் வசிக்கும் கோயில்களில் கட்டணம் சிறியது, 20 பாட் அளவில். அருங்காட்சியகத்துக்கு 150 பாட் அளவில். நம்ம ஊர் ஆட்டோ போன்ற டுக்டுக் மணிக்கு 200 முதல் 300 பாட். சைக்கிள் நாள் வாடகை 50 பாட்டிலிருந்து தொடங்கும். தங்குமிடமும் சாப்பாடும் நீங்கலாக ஒருவருக்கு 1,800 பாட் இருந்தால் இரண்டு நாளும் நிம்மதியாகப் போகும். நான்கு பேர் ஒரே டுக்டுக்கில் போனால் இன்னும் குறையும்.

4. பாங்காக்கிலிருந்து ரயில்

எழுபது கிலோமீட்டர் சொச்சம் தூரம். சாதாரண ரயிலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மூன்றாம் வகுப்புக் கட்டணம் 20 பாட் அளவில்தான், முன்பதிவு கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும்.

குழப்பம் வருவது நிலையத்தில். 2023 ஜனவரியில் தொலைதூர விரைவு ரயில்களைப் புதிய குருங் தெப் அபிவாட் நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். மலிவான சாதாரண ரயில்கள் பழைய ஹுவா லம்போங்கிலிருந்து ஓடுகின்றன. வடக்குப் பாதை, வடகிழக்குப் பாதை இரண்டு ரயில்களும் அயுத்தயா வழியாகத்தான் போகும் என்பதால் நாள் முழுக்க வண்டி உண்டு. டிக்கெட் வாங்கும்போது "எந்த நிலையம், எந்த வகை வண்டி" என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு நிலையங்களையும் எம்ஆர்டி மெட்ரோவின் நீலப் பாதை இணைக்கிறது, ஆனால் கடைசி நிமிடத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிப் பிடிக்கும் தூரமில்லை.

ரயிலுக்குள் அறிவிப்பை நம்பாதீர்கள். பாங் பா இன், அடுத்து பான் போ, அதற்கடுத்து அயுத்தயா. பாங் பா இன் பலகையைப் பார்த்ததும் பைகளை எடுத்துத் தயாராகிவிடுங்கள். முதல் நாள் நண்பகலுக்குள் போய்ச் சேர்வதுபோல் கிளம்பினால் போதும்.

5. தீவுக்குள் போவதும் வண்டி பிடிப்பதும்

ரயில் நிலையம் தீவுக்கு வெளியே, பா சாக் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. வாசலிலேயே டுக்டுக்காரர்கள் படங்கள் ஒட்டிய அட்டையோடு சூழ்வார்கள். அவசரப்பட வேண்டாம். நேரே சாலையைக் கடந்து எதிர்ச் சந்தில் நடந்தால் படகுத்துறை. சில பாட் கொடுத்தால் இரண்டே நிமிடத்தில் அக்கரை. அங்கே சைக்கிள், ஸ்கூட்டர் வாடகைக் கடைகளும் விடுதிகளும் இருக்கின்றன. பெரியவர்கள் இருந்தாலோ பெட்டி கனமானாலோ மட்டும் டுக்டுக்கில் பாலம் வழியாகப் போங்கள்.

டுக்டுக் பேசும்போது மூன்றைத் தெளிவாக்குங்கள்: விலை வண்டிக்கா, ஆளுக்கா; எத்தனை மணி நேரம்; எந்தெந்த இடம். தாளில் எழுதிக் காட்டிப் பேசினால் பின்னால் தகராறு வராது. பணத்தைக் கடைசியில் கொடுங்கள்.

வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நகலும் முன்பணமும் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடைக்கு நடங்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களை, கடைக்காரர் கண்முன்னே போனில் படமெடுத்துவிடுங்கள்.

6. முதல் நாள் மாலை: தீவுக்கு வெளியே மூன்று இடம்

இரண்டரை மணிவாக்கில் மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு டுக்டுக் பேசுங்கள். வரிசை முக்கியம் ("வாட்" என்றால் கோயில்): வாட் யாய் சாய் மோங்கொன், வாட் பனன் சோங், கடைசியாக வாட் சாய்வத்தனாராம்.

வாட் யாய் சாய் மோங்கொனில் இருக்கும் பெரிய தூபிக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் சொல்லும் கதை இது. 1593-ல் அயுத்தயாவின் நரேசுவான் மன்னர் பர்மிய இளவரசனை யானைப் போரில் வீழ்த்தினார். மன்னரின் யானை மதம் பிடித்து முன்னால் ஓடிவிட, படைத்தலைவர்கள் பின்தங்கிவிட்டார்கள். தன்னைத் தனியே விட்டதற்காக அவர்களுக்கு மரண தண்டனை விதித்தார். அப்போது தலைமைப் பிக்கு வந்து, "தவத்தைக் குலைக்க வந்த மாரனைப் புத்தர் தனியாக நின்றுதானே வென்றார்? உடன் ஆள் இருந்திருந்தால் அந்த வெற்றிக்கு இவ்வளவு பெருமை ஏது?" என்று கேட்டாராம். மன்னர் தண்டனையை நீக்கிவிட்டு, அதற்குப் பதில் இந்தத் தூபியை எழுப்பினார் என்பது மரபு. இதைத் தெரிந்துகொண்டு அந்தச் செங்குத்துப் படிகளில் ஏறிப் பாருங்கள். பின்புறம் நரேசுவான் சந்நிதியில் நூற்றுக்கணக்கான சேவல் பொம்மைகள் இருக்கும். வழிகாட்டிகள் பலர் அங்கே கூட்டிப் போவதே இல்லை. சிறுவயதில் பர்மாவில் பிணையாக இருந்தபோது நரேசுவானின் சேவல் அந்த இளவரசனின் சேவலைத் தோற்கடித்ததாக ஒரு கதை உண்டு. வேண்டுதல் பலித்தவர்கள் அதற்காகச் சேவல் வைக்கிறார்கள்.

வாட் பனன் சோங்கின் புத்தர் சிலை 1324-ல் அமைக்கப்பட்டது, நகரம் உருவாவதற்கும் முன்பே. உயரம் 19 மீட்டர். இங்கே பிக்குகள் இருக்கிறார்கள், வழிபாடு நடக்கிறது. பிக்குகள் உடுத்தும் துவராடையைக் காணிக்கை கொடுக்கும் நேரத்தில் போனால், துணியை மேலே நிற்பவர்களிடம் வீசி, சிலைக்குச் சாத்துவதைப் பார்க்கலாம். ஆற்றுப் பக்கம் சீனப் பாணியில் ஒரு சிறு சந்நிதி இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். சோய் டோக் மாக் என்ற சீன இளவரசியின் சந்நிதி அது. பாக்குப் பூவிலிருந்து பிறந்தவளாகச் சொல்கிறார்கள். சாய் நாம் புங் என்ற மன்னனை மணக்கக் கடல் கடந்து வந்தவள், அவனே நேரில் வந்து அழைத்தால்தான் படகிலிருந்து இறங்குவேன் என்றாள். அவன் விளையாட்டாக, "இருக்கப் பிரியமென்றால் அங்கேயே இரு" என்றான். அவள் மூச்சை அடக்கி உயிரை விட்டாள். அவளை எரித்த இடத்தில்தான் இந்தக் கோயில் என்கிறது கதை. பெரிய புத்தரின் கண்களிலிருந்து 1767-ல் நகரம் விழுவதற்கு முன் கண்ணீர் வழிந்தது என்பதும் இங்கே எல்லோரும் சொல்வது.

நான்கரை மணிக்குள் வாட் சாய்வத்தனாராம் போய்விட வேண்டும். ஆறு மணிவாக்கில் வாசலைச் சாத்திவிடுவார்கள். 1630-ல் பிரசாட் தோங் மன்னர் கட்டியது. நடுவே 35 மீட்டர் உயரப் பிராங் கோபுரம், சுற்றிலும் சிறியவை. வெயில் சாயும்போது கோபுரங்களுக்குப் பின்னால் வானம் சிவக்கும். பின்னாளில் வந்த ஒரு மன்னரின் மகனும் கவிஞனுமான தம்மாதிபேட், அந்த மன்னரின் துணைவியைக் காதலித்ததற்காகக் கசையடி பட்டு இறந்தான். இருவரின் அஸ்தியும் இங்கேதான் என்பார்கள். சாலைக்கு எதிரே தாய் உடைகளை வாடகைக்கு விடும் கடைகள் இருக்கின்றன. சில நூறு பாட், முடி அலங்காரத்தோடு. உடை மாற்றவே முக்கால் மணி நேரம் ஆகும், அதைக் கணக்கில் வையுங்கள்.

7. மறுநாள் காலை: சைக்கிளில் தீவுக்குள்

எட்டு மணிக்கு வாட் மஹாதாட் வாசலில் நில்லுங்கள். ஒன்பதரைக்கு மேல் பேருந்துகள் வந்துவிடும். அரசமர வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலை இங்கேதான். படமெடுக்கும்போது உங்கள் தலை புத்தர் தலைக்கு மேல் இருக்கக்கூடாது. குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும், காவலர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

சாலைக்கு எதிரே வாட் ராட்சபுரானா. எனக்கு அயுத்தயாவிலேயே பிடித்த இடம் இதுதான். 1424-ல் மன்னர் இறந்ததும் மூத்த மகன் ஐ, அடுத்தவன் யி இருவரும் அரியணைக்காக யானைமேல் மோதி, இருவருமே செத்தார்கள். மூன்றாமவன் சாவ் சாம் பிரயா மன்னனாகி, அண்ணன்களை எரித்த இடத்தில் இந்தக் கோயிலைக் கட்டினான். பிராங்கின் அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. 1957-ல் கொள்ளையர் உள்ளே இறங்கித் தங்கத்தை அள்ளினார்கள். மீட்டதும் மிஞ்சியதும் இப்போது அருங்காட்சியகத்தில். நிலவறைக்குள் இறங்கும் படி மிகக் குறுகல், செங்குத்து, காற்றும் குறைவு. மூட்டு வலி உள்ளவர்களும் மூச்சுத் திணறல் உள்ளவர்களும் மேலேயே நின்றுகொள்ளட்டும். இறங்குபவர்கள் மங்கிப்போன சுவரோவியங்களைக் காணலாம்.

அடுத்து வாட் பிரா சி சன்பேட், வரிசையாக மூன்று தூபிகள். அரண்மனைக் கோயில், பிக்குகள் தங்கியதில்லை. இங்கே நின்ற 16 மீட்டர் புத்தரின் தங்கத்தைப் பர்மியப் படை நெருப்பு மூட்டி உருக்கி எடுத்ததாகச் சொல்கிறார்கள். பக்கத்து விகாரையில் பிரா மோங்கொன் போபிட் என்ற பெரிய வெண்கலப் புத்தர் இருக்கிறார். அதற்குக் கட்டணமில்லை.

கால் தாங்கினால் வடக்கே கால்வாயைத் தாண்டி வாட் நா பிரா மென் போங்கள். 1767 அழிவில் தப்பிய அபூர்வமான கோயில், கிரீடம் சூடிய புத்தர். 1760 முற்றுகையில் பர்மிய மன்னர் அலவுங்பயா இந்தப் பக்கத்திலிருந்து தானே பீரங்கியைச் சுட்டபோது அது வெடித்துக் காயப்பட்டார் என்பது தாய் மக்கள் சொல்வது. நோயால் இறந்தார் என்பது பர்மியர் சொல்வது.

பதினொன்றரைக்கு வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்குள் புகுந்துவிடுங்கள். காலையில் நிலவறையைப் பார்த்த கண்ணோடு அந்தத் தங்க வாளையும் நகைகளையும் பார்ப்பது தனி அனுபவம். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

8. சாப்பாடு

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது மீன் சாறு. காய்கறி மட்டும் என்று சொன்னாலும் "நாம் ப்ளா" ஊற்றிவிடுவார்கள். "ஜே" என்று சொன்னால் புலால் அறவே இல்லாதது என்று புரியும்; மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகளைத் தேடுங்கள். ஊரின் பெயர் பெற்ற படகு நூடுல்ஸ் குழம்பில் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டு இரத்தம் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு உட்காருங்கள். ரோத்தி சாய் மாய் மட்டும் எல்லோரும் சாப்பிடலாம்: மெல்லிய ரொட்டியில் சர்க்கரை நூல்களைச் சுருட்டித் தருவார்கள். ஊ தோங் சாலையில் மருத்துவமனை அருகே முஸ்லிம் குடும்பங்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அசைவக்காரர்கள் சுட்ட ஆற்று இறாலைத் தாராளமாகத் தேடலாம், எடைக்கு விலை என்பதால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. செய்யக்கூடாதவை

தோளும் முழங்காலும் மூடிய உடை. சிதைவுகள்தானே என்று அரைக்கால் சட்டையில் போக வேண்டாம். அவை இன்றும் அவர்களுக்குப் புனித இடங்கள். தலையில்லாப் புத்தர் சிலைகளின் பின்னால் நின்று தங்கள் தலையைப் பொருத்திப் படமெடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏறுவதற்கென்று படி இல்லாத இடத்தில் தூபிகள்மேல் ஏறாதீர்கள், செங்கல் துண்டைக்கூட எடுக்காதீர்கள். கடையில் வாங்கிய புத்தர் சிலையை நாட்டைவிட்டு எடுத்துப்போக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். பழையது என்று ரகசியமாக யாராவது நீட்டினால் விலகிப் போங்கள். யானைச் சவாரியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சுடும் தார்ச்சாலையில் அவற்றின் நடையைப் பார்த்தால் உங்களுக்கே ஏற மனம் வராது.

10. திரும்புதல்

முதல் நாள் இறங்கியதுமே திரும்பும் வண்டிகளின் நேரப் பலகையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பாங்காக் நோக்கி வரும் வண்டிகள் வடக்கிலிருந்து நெடுந்தூரம் ஓடி வருபவை, தாமதம் சகஜம். அன்றிரவே விமானம் என்றால் ரயிலை நம்பி நேரத்தை இறுக்கமாக வைக்காதீர்கள், குறைந்தது ஐந்து மணி நேர இடைவெளி விடுங்கள். டான் முவாங் விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி: இதே பாதையில் அங்கே நிலையம் இருக்கிறது, பாங்காக் நகருக்குள் போகாமலே இறங்கிவிடலாம். சுவர்ணபூமிக்குப் போகிறவர்கள் பெரியவர்களோடு இருந்தால், விடுதியிலேயே சொல்லி நேராகக் கார் பேசிவிடுவது நல்லது. நெடுஞ்சாலைச் சுங்கம் அந்த விலையில் சேர்ந்ததா என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.